நாடி அறுபத்தெட்டு

நர்சிங் கல்லூரி ஆண்டு மலருக்கு, இதய மருந்துகளைப் பற்றியும் இதயத்தின் வேலையைப் பற்றியும் மாணவிகளுக்குப் புரிகிற மாதிரி எழுதித் தர வேண்டுமாம். கேட்டவள் கலைச்செல்வி. ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலையில் என்னோடு மூன்று வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, இப்போது அந்தக் கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். முடியாது என்று இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறையும் போன் வந்தது. "உங்க அனுபவத்த எழுதுங்க சிஸ்டர், அது போதும். புக்கைத்தான் எங்க பொண்ணுங்க தெனம் பாத்துகினு இருக்குதுங்களே" என்றாள். சரி, தொலையட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இடுப்பு வலிக்கிறது. அதனால் நீட்டி முழக்காமல் சொல்கிறேன்.

மருந்துப் பட்டியல் எழுத மாட்டேன். எது இரத்த அழுத்தத்தைக் குறைக்கும், எது நீரைப் பிரிக்கும், எதை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும் என்பதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. பரீட்சைக்கு முதல் நாள் மனப்பாடம் செய்துகொள்வீர்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். மூன்றரை வருடப் படிப்பில் எனக்கு இன்றைக்கு நினைவிருப்பது பாத வலியும் விடுதிச் சாம்பாரும்தான்.

வேலை கற்றுக்கொண்டது அதற்கப்புறம், ஒரு தனியார் மருத்துவமனையின் இதய வார்டில். எலிசபெத் சிஸ்டர் அங்கே வார்டு இன்சார்ஜ். நாகர்கோவில்காரர். குரல் உயர்த்தி ஒரு நாளும் நான் கேட்டதில்லை. அதட்டியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்போம். அவர் அதட்டாமல் "இன்னொரு நிமிஷம் எண்ணு மக்ளே" என்று மட்டும் சொல்வார். அதற்குத்தான் நாங்கள் நடுங்குவோம்.

காலை மருந்து நேரத்தில், இதயத் துடிப்பை மெதுவாக்கும் டிகாக்ஸின் மாத்திரை கொடுப்பதற்கு முன் நாடி பார்க்க வேண்டும். அறுபதுக்குக் கீழே இருந்தால் கொடுக்கக் கூடாது, டாக்டருக்குச் சொல்ல வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். எலிசபெத் சிஸ்டரிடம் அது ஒரு பூஜை மாதிரி நடக்கும். நான் நோயாளியின் இடது மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்துக்கொண்டு முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து நொடி எண்ணி நாலால் பெருக்குவது அவர் வார்டில் கிடையாது. தாறுமாறாக அடிக்கிற இதயத்தைப் பெருக்கல் வாய்ப்பாட்டில் பிடிக்க முடியாது என்பார். நான் மார்பில் எண்ணும்போதே அவர் கட்டிலின் அந்தப் பக்கம் நின்று மணிக்கட்டில் எண்ணுவார். இரண்டு எண்ணையும் எழுதுவோம். மார்பில் தொண்ணூறு இருக்கும், மணிக்கட்டுக்கு வந்து சேர்வது எழுபத்தெட்டாக இருக்கும். மீதிப் பன்னிரண்டு அடி கைவரை வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

எண்ணி முடித்ததும் நோயாளியிடம் ஒரு கேள்வி கேட்பார். "காலையில வேற என்ன மாத்திரை போட்டிய? யாரு தந்தாவ?" பத்து நாளாக நம் கண் முன்னாலேயே படுத்திருக்கிறவரிடமும் தினமும் கேட்பார். எனக்கு அது வீண் வேலையாகப் பட்டது. ஒரு நாள் அவர் விடுப்பு. நான் கேட்கவில்லை. அடுத்த நாள் அந்தப் பெரியவருக்கு வாந்தி, கண்ணெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்கிறார், நாடி நாற்பத்திரண்டு. விசாரித்தால், ஆஸ்பத்திரி மாத்திரை சின்னதாக இருக்கிறது, வேகம் பத்தாது என்று அவர் மனைவி வீட்டிலிருந்த அதே மாத்திரையை டிபன் பையில் கொண்டுவந்து வேளைக்கு ஒன்று கூடக் கொடுத்திருக்கிறார். முதல் நாட்களில் எலிசபெத் சிஸ்டர் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்றால், கொடுக்க ஆரம்பித்ததே முந்தா நாள் சாயங்காலம்தானாம். நான் அந்த அம்மாவிடம் கத்தினேன். எலிசபெத் சிஸ்டர் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து, "அந்தம்மா மேல தப்பில்ல மக்ளே, நீ கேக்கல்ல" என்றார். பெரியவர் பிழைத்துவிட்டார்.

பதினோரு வருடத்துக்குப் பிறகு முட்டி தேய்ந்து, ஷிப்ட் ஒத்துவராமல், தொழிற்சாலை மருத்துவ அறைக்கு வந்தேன். பகல் வேலை. குன்றத்தூரில் பஸ் ஏறினால் கம்பெனி வாசலில் இறக்கிவிடும். கண்ணில் விழுந்த இரும்புத் தூள், கிழிந்த விரல், வாயு, தலைவலி. இதயத்தின் தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

இதயத்தின் வேலையைச் சொல்லச் சொன்னீர்களே, அதை இங்கே சொல்லிவிடுகிறேன். அடிபம்பில் தண்ணீர் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகிற மாதிரிதான். ஒரு குடத்தில் எவ்வளவு, ஒரு நிமிடத்தில் எத்தனை நடை. அவ்வளவுதான் கணக்கு. உடம்புக்குள் எங்கேயோ இரத்தம் கசிந்தால் குடத்தில் தண்ணீர் குறையும். இதயம் உடனே நடையைக் கூட்டும். எழுபது நூறாகும், நூற்று இருபதாகும். இரத்த அழுத்தம் விழுவதற்கு ரொம்ப முன்னாலேயே நாடி ஓட ஆரம்பித்துவிடும். அதனால்தான் அடிபட்டு வருகிறவனின் மணிக்கட்டை முதலில் பிடிக்கிறோம். அட்டினோலால் போன்ற மாத்திரைகள் இதயத்தின் காலைக் கட்டிவிடும். இரத்தக் கொதிப்புக்காரருக்கு அது நல்லது. ஓட வேண்டிய நேரத்திலும் அந்தக் கட்டு அவிழாது.

இப்போது ஏழுமலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மணிமங்கலம் பக்கம் விவசாயக் குடும்பம். முப்பத்தைந்து வயது. இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் ஷாப்பில் காண்ட்ராக்ட் தொழிலாளியாக ஏழு வருடம் இருந்தான். அந்த வருடமாவது பர்மனென்ட் ஆகிவிடும் என்று ஒவ்வொரு வருடமும் நம்பிக்கொண்டிருந்தான். அதற்கு வருடாந்திர மருத்துவப் பரிசோதனையில் தகுதி வர வேண்டும். இரத்த அழுத்தம் கூட இருந்தால் தகுதியில்லை, தகுதியில்லை என்றால் காண்ட்ராக்டர் அடுத்த வாரம் வேறு ஆளைக் கேட்டில் நிறுத்துவார். பரிசோதனைப் படிவத்தின் அடியில் நாலைந்து கட்டங்கள் உண்டு. நாங்கள் டிக் போட்டதெல்லாம் தகுதி, தகுதியில்லை என்ற முதல் இரண்டில்தான்.

அதனால் 'மெடிக்கல்' வரும் வாரத்தில் பையன்கள் படும் பாடு இருக்கிறதே! முதல் நாள் உப்பில்லாமல் தயிர்ச்சோறு சாப்பிடுவார்கள். பச்சைப் பூண்டை மென்று வந்து என் முகத்தில் ஊதுவார்கள். "இன்னா சிஸ்டர், மிஷின் ஜாஸ்தி காட்டுதே, வேற மிஷின் இல்லியா?" என்று கிண்டல் வேறு. வருடம் போகப் போகத் தெரிந்துகொண்டேன், பூண்டோடு நிற்கவில்லை. வீட்டில் அம்மாவுக்கோ மாமியாருக்கோ கொடுத்த பிரஷர் மாத்திரையில் ஒன்றிரண்டை அன்று காலை போட்டுக்கொண்டு வருவார்கள். அதற்கு லைனில் 'மெடிக்கல் மாத்திர' என்றே பேர் வைத்திருந்தார்கள்.

ஏழுமலைக்கு முதல் தடவை நூற்று அறுபத்து நாலுக்கு நூறு. நான் படிவத்தை நிரப்பாமல் மேஜை டிராயரில் போட்டுவிட்டு, "டாக்டர்கிட்ட போய்ப் பாரு, அடுத்த வாரம் வா" என்றேன். அடுத்த வாரம் வந்தான். நூற்று இருபத்தெட்டுக்கு எண்பத்திரண்டு. நாடி ஐம்பத்து நாலு. விரல் நுனியெல்லாம் சில்லென்று இருந்தது. இதய வார்டில் பதினோரு வருடம் நின்றவளுக்கு இது எதனால் என்று தெரியாதா? தெரிந்தது. எலிசபெத் சிஸ்டரின் கேள்வி வாய்வரை வந்தது. கேட்டால் அவன் சொல்லிவிடுவான். சொன்னால் நான் எழுத வேண்டும். எழுதினால் அவன் வேலை போகும். கேட்கவில்லை. தகுதியில் டிக் போட்டேன். அவன் "தேங்க்ஸ் சிஸ்டர்" என்றான், நான் தலையாட்டினேன். பாவம், பிழைத்துப் போகட்டும் என்று நினைத்தேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம். அதன் பிறகு வந்த வருடங்களிலும் அப்படியே.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்பு. பிரஸ் ஷாப்புக்கு அன்று மதியம் இரண்டு மணிக்கு மெடிக்கல். காலை பத்தரை இருக்கும், ஏழுமலை இடது விலாவைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான். பாகங்கள் ஏற்றிய டிராலி பின்னால் உருண்டு அவனைத் தூணோடு வைத்து அழுத்தியிருக்கிறது.

"ஒன்னியும் இல்ல சிஸ்டர், லேசா இட்ச்சிகிச்சி. ஸ்ப்ரே அட்ச்சி வுடுங்க, போறேன்."

படுக்க வைத்தேன். தோலில் சிராய்ப்பு மட்டும். இரத்த அழுத்தம் நூற்றுப் பதினாறுக்கு எழுபத்து நாலு. நாடியை முழுசாக ஒரு நிமிடம் எண்ணினேன். அந்தப் பழக்கம் என்னிடம் கடைசிவரை இருந்தது. அறுபத்தெட்டு. உள்ளே ஏதாவது உடைந்திருந்தால் அறுபத்தெட்டு வராது என்று மனசு நிம்மதியானது. வயிற்றை அழுத்திப் பார்த்தேன், கொஞ்சம் வலிக்குது என்றான். இடது தோள்பட்டை வலிக்கிறது என்றும் சொன்னான். வயிற்றுக்குள் இரத்தம் சேர்ந்தால் அந்தத் தோளில் வலிக்கும் என்று நானே கலைச்செல்விக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் தினமும் தகடு தூக்குகிறவனுக்குத் தோள் வலிக்காமல் என்ன செய்யும் என்று எடுத்துக்கொண்டேன். நாடிதான் அறுபத்தெட்டு ஆயிற்றே. தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். ஐயோ, உள்ளே இரத்தம் போகிறது என்று தாகம்கூடச் சொன்னது.

அரை மணி கழித்து சூப்பர்வைசர் தினகரன் கதவில் எட்டிப் பார்த்தார். "சிஸ்டர், லைன் நிக்குது. ஆள அனுப்புறீங்களா, இல்ல வேற ஆளப் போடட்டா?" ஏழுமலை அதற்குள் எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். இன்னொரு முறை எண்ணினேன். அறுபத்தாறு. "கனமா எதையும் தூக்காத" என்று சொல்லி அனுப்பினேன்.

பன்னிரண்டே காலுக்குக் கேன்டீன் வரிசையில் தட்டோடு விழுந்தான்.

ஆம்புலன்சில் நானும் ஏறினேன். முகம் சுண்ணாம்பாக இருந்தது. உடம்பெல்லாம் குளிர்ந்த வியர்வை. கால்களை உயர்த்தி வைத்தேன், ஆக்சிஜன் போட்டேன், ஊசி குத்தி சலைன் ஏற்றினேன். இரத்த அழுத்தம் எண்பதுக்கு ஐம்பது. நாடி எழுபத்து நாலு. இரண்டாம் முறை எண்ணினேன். எழுபத்து நாலுதான். அழுத்தம் எண்பதுக்கு விழுந்த திடகாத்திரமான உடம்பில் இதயம் எழுபத்து நாலில் நடந்துகொண்டிருக்காது. அதன் காலை யாரோ கட்டியிருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு மணி மெடிக்கல் என் மண்டையில் உறைத்தது.

வண்டி ஒரகடம் சந்திப்பில் இரண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு ஊளையிட்டுக்கொண்டிருந்தது. நான் அவன் காதருகே குனிந்தேன்.

"ஏழுமலை, காலையில என்ன மாத்திரை போட்ட?"

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். அந்த நிலைமையிலும் அவன் கண்ணில் இருந்தது என்னைப் பற்றிய பயம்தான். சாவைப் பற்றியல்ல.

"வேல பூடும் சிஸ்டர்."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். டாக்டருக்குத் தெரியணும்ப்பா. சொல்லு."

"அட்டினோலாலு அம்பது, ரெண்டு. அம்மாது. காத்தால ஆறு மணிக்கு." மூச்சு வாங்கிவிட்டு மறுபடி சொன்னான். "உங்களுக்குத்தான் தெரியுமே சிஸ்டர்."

இந்த ஒரு வரிக்காகத்தான் கலைச்செல்வியிடம் இரண்டு முறை முடியாது என்று சொன்னேன்.

மருத்துவமனையில் அவசரப் பிரிவு டாக்டரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொன்னேன். அட்டினோலால் ஐம்பது, இரண்டு, காலை ஆறு மணிக்கு, நாடியை நம்பாதீர்கள். அவர் மேலே ஒன்றும் கேட்காமல் ஸ்கேன் எடுத்து, இரத்தத்துக்குச் சொல்லி அனுப்பி, நேரே ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோய்விட்டார். மண்ணீரல் கிழிந்திருந்தது.

அவன் அம்மா வந்து சேர்ந்தார். நடைக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்புறம் முந்தானையில் முடிந்திருந்த மாத்திரை அட்டையை அவிழ்த்து என்னிடம் காட்டினார்.

"மாசாமாசம் கவர்மென்ட்டு நர்சம்மா வூட்டாண்டயே வந்து குடுத்துட்டுப் போவாங்கம்மா. நான் எண்ணிதான் வெச்சிப்பேன். இந்த மெடிக்கலு வர மாசத்துல மட்டும் நாலஞ்சு கொறையும். இவன்தான் எடுக்கிறான்னு தெரியும். கேட்டா புள்ள மூஞ்சி சுருங்கிப் பூடுமேன்னு கேக்கலம்மா. நான் நாலு நாளு போடாம இருந்துப்பேன்."

திடீரென்று நிறுத்தக் கூடாத மாத்திரை அது. அதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டியது என் கடமை. சொல்லாமல் அட்டையை அவர் கையில் திருப்பி வைத்தேன். கேட்காமல் இருப்பதைப் பாசம் என்று நினைத்த இரண்டு பொம்பளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

ஏழுமலை பிழைத்தான். விபத்து அறிக்கையை நான்தான் எழுதினேன். நூற்றுப் பதினாறுக்கு எழுபத்து நாலு, நாடி அறுபத்தெட்டு, அரை மணி ஓய்வு, மறுபடி அறுபத்தாறு. வாரம் இரண்டு நாள் வரும் கம்பெனி டாக்டர் அதைப் படித்துவிட்டு, "நீங்க சரியாத்தான் செஞ்சிருக்கீங்க சிஸ்டர், யாரா இருந்தாலும் இப்படித்தான் அனுப்பியிருப்பாங்க" என்று கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதத்தில் ஒரு எண்கூடப் பொய்யில்லை. மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

மூன்று மாதம் கழித்து அவன் வேலைக்குத் திரும்பினான். இளைத்திருந்தான். மறுபடி சேர்வதற்கு முன் மெடிக்கல் உண்டு. என் முன்னால் உட்கார்ந்து, பழகியவனைப் போலக் கையை நீட்டினான். விரலை வைத்தேன். ஐம்பத்திரண்டு.

"காலையில என்ன மாத்திரை போட்ட?"

வாசலில் காண்ட்ராக்டரின் ஆள் நின்றுகொண்டிருந்தான். ஏழுமலை அவனைப் பார்த்தான், என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தான். "ஒன்னும் போடல சிஸ்டர்" என்றான்.

செத்துப் பிழைத்தவன் மறுபடி அதையே போட்டுக்கொண்டு வந்திருக்கிறான்! எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அறைந்திருக்கலாம். அறைந்து என்ன ஆகப்போகிறது, அவனுக்கு வேறு என்ன வழி வைத்திருந்தோம்? எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். பேனாவை மூடி மேஜையில் வைத்தேன். நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து திரும்பக் கேட்டேன்.

"ரெண்டு" என்றான். அழ ஆரம்பித்தான்.

அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டுப் படிவத்தை எடுத்தேன். தகுதி, தகுதியில்லை. அதற்குக் கீழே மூன்றாவது கட்டம்: சிகிச்சைக்குப் பின் மறுபரிசோதனை, ஆறு வாரம் வரை, அதுவரை இலகு வேலை. நான் சேர்ந்த புதிதில், அதில் டிக் போட்டால் காண்ட்ராக்டருக்கு ஒரு கடிதம், டாக்டருக்கு ஒரு கடிதம், வாரா வாரம் அவனைக் கூப்பிட்டுப் பார்க்கும் வேலை, இதெல்லாம் யார் செய்வது என்று ஒரு மேனேஜர் சலித்துக்கொண்டார். நானும் சலித்துக்கொண்டு விட்டுவிட்டேன். அன்றைக்கு அதில் டிக் போட்டேன். இரண்டு கடிதத்தையும் எழுதினேன். அவனுக்கென்று அவன் பேரில் மாத்திரை எழுதி வாங்க டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

ஏழுமலை கண்ணைத் துடைத்துக்கொண்டு படிவத்தை எட்டிப் பார்த்தான். விரலை அந்த மூன்றாவது கட்டத்தின் மேல் வைத்தான்.

"இது முன்னாடியே இருந்திச்சா சிஸ்டர்?"

இருந்தது என்று சொன்னேன்.